கன்றின் பங்கு

கன்றை இழந்த பசு ஒன்று திருவாரூர் அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியை அடித்த கதையை நாம் எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். மணியோசை கேட்டு மனுநீதிச் சோழன் வெளியே வந்தான். தன் மகன் செலுத்திய தேரின் சக்கரத்தில் சிக்கிக் கன்று மாண்டது என்று அறிந்தான். அந்தக் கன்றின் உயிருக்கு ஈடாகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலே அம்மன்னனுக்குச் சிலை நிற்கிறது. தமிழர் நீதி பேசும் மேடைதோறும் அந்தப் பசு வந்து போகிறது.

நான் அந்தக் கதையில் வேறொன்றை எண்ணிப் பார்ப்பதுண்டு. பசு மணியை அடித்தது கன்று மாண்ட பிறகு. மாளாமல் காக்க வழி இருந்திருந்தால், அதை முன்கூட்டிச் செய்ய வேண்டியது யார் கடமை? தேர்க்காலில் அகப்பட்டுச் சாகும் கன்று எங்கோ ஒன்று. பிறந்த நாலைந்து நாளில் கழிச்சல் கண்டு, கண் குழி விழுந்து, கால் துவண்டு சாகும் கன்றுகளோ எண்ணிறந்தவை. அவற்றுள் பலவற்றைக் காக்க இன்று வழி இருக்கிறது. சினையாக இருக்கும் தாய்க்கு உரிய காலத்தில் தடுப்பூசி போடுவது. ஈன்றவுடன் தாயின் சீம்பாலைக் கன்றுக்கு விடுவது. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்யாவிட்டால் ஊசி வீண். இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. சொல்வது எளிது, நம் நகரில் அது ஏன் நடப்பதில்லை என்பதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நெல்லைச் சீமையில் எங்கள் ஆச்சி வீட்டில் ஒரு செவலைப் பசு இருந்தது. அது கன்று போட்ட நாள் எங்களுக்கெல்லாம் திருநாள். இளங்கொடி விழும் வரை கன்றை மடியில் விடக்கூடாது என்பது ஆச்சியின் சட்டம். "இளங்கொடி விழாம கன்ன விட்டா பசுவுக்கு ஆகாதுலே" என்பாள். கொடி விழுந்ததும் அதை வைக்கோலில் சுற்றி ஊர்க்கோடி ஆலமரத்தில் கட்டிவிட்டு வருவார் என் மாமா. அதன் பிறகு மடியைக் கழுவி, சீம்பாலைக் கறந்து, கருப்பட்டியும் ஏலமும் போட்டுக் காய்ச்சி, தெருவில் உள்ள அத்தனை வீட்டுக்கும் கிண்ணத்தில் அனுப்புவார்கள். கிண்ணம் சுமந்து ஓடியவர்களில் நானும் ஒருவன். எல்லாம் முடிந்து கன்றை அவிழ்த்து விடும்போது மாலையாகிவிட்டது. ஐந்தாம் நாள் அந்தக் கன்று செத்தது. "நம்ம ராசி அவ்வளவுதான்" என்றாள் ஆச்சி. நானும் அப்படியே நம்பினேன்.

ஆச்சியைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அவள் அந்தப் பசுவுக்குச் சோறு ஊட்டியவள். கன்று செத்த அன்று இரவு அவள் உண்ணவில்லை. அவளிடம் இல்லாதது அன்பு அன்று, ஒரு செய்தி. அந்தச் செய்தி எனக்குக் கிடைத்தது மும்பைக்கு வந்த பிறகு, அதுவும் ஒரு தின்பண்டத்தின் வழியாக.

தாதரிலும் மாட்டுங்காவிலும் சில பால் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெண்மையாக, சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருப்பார்கள். கர்வஸ் என்று பெயர். மராத்தியர் விரும்பி உண்ணும் இனிப்பு. நாவில் வைத்தவுடன் எனக்கு ஆச்சி வீட்டு நினைவு வந்தது. ஆம், அது சீம்பாலை ஆவியில் அவித்துச் செய்வது. பரேலில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கும் நண்பர் ஒருவர் உடன் இருந்தார். அவர் ஒரு துண்டும் எடுக்கவில்லை. "ஏன், இனிப்பு ஆகாதா?" என்று கேட்டேன். "இது யாருடைய பங்கு என்று எனக்குத் தெரியும், அதனால் இறங்கவில்லை" என்றார். அன்று தொடங்கிய பேச்சு எங்களை நகரின் வடபுறத்தில் ஒரு தபேலாவுக்குக் கொண்டு சென்றது. தபேலா என்றதும் கச்சேரியை நினைத்துவிடாதீர்கள். இந்த நகரில் எருமைக் கொட்டிலுக்கு அதுதான் பெயர்.

அங்கே நான் கண்டதைச் சொல்லும் முன், நண்பர் வழியில் எனக்குச் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன்.

மனிதக் குழந்தை ஒரு வகையில் கர்ணன். பிறக்கும்போதே கவசத்தோடு பிறக்கிறது. தாயின் குருதியில் உள்ள நோய் எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே கருவிலேயே குழந்தைக்குச் சேர்ந்துவிடுகின்றன. பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் நஞ்சுக்கொடி அமைப்பு வேறு. தாயின் குருதிக்கும் கன்றின் குருதிக்கும் இடையே உள்ள திரைகள் அந்தப் பொருள்களை ஊடுருவ விடுவதில்லை. ஆகவே கன்று கவசமின்றிப் பிறக்கிறது. சாணமும் சிறுநீரும் கிருமியும் நிறைந்த தரையில், வெறும் மேனியோடு வந்து விழுகிறது. அதற்குரிய கவசத்தை இயற்கை வேறோர் இடத்தில் வைத்திருக்கிறது. ஈனுவதற்கு முந்திய நாலைந்து வாரங்களில் தாயின் குருதியிலிருந்து அந்தப் பொருள்கள் மடியில் போய்த் தேங்குகின்றன. அந்தத் தேக்கம்தான் சீம்பால். அதன் மஞ்சள் நிறமும் கெட்டித் தன்மையும் நமக்காக வந்தவை அல்ல.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கவசத்தை வாங்கிக்கொள்ளக் கன்றின் குடலில் ஒரு வாயில் திறந்திருக்கிறது. அது எப்போதும் திறந்திருப்பதில்லை. பிறந்த முதல் 6 மணி நேரம் நன்றாகத் திறந்திருக்கும். பின்பு மெல்ல மெல்ல அடைபட்டு, 24 மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். அதன் பிறகு குடம் குடமாகச் சீம்பால் ஊற்றினாலும் எதிர்ப்புப் பொருள் குருதியில் சேராது. எங்கள் செவலையின் கன்றை மாலையில் அவிழ்த்து விட்டோம் என்றேனே, அப்போது அந்த வாயில் பெரும்பகுதி சாத்தப்பட்டுவிட்டது. ஆச்சி சொன்ன ராசி என்பது அந்தச் சில மணி நேரம்தான்.

இது நேற்று முளைத்த கருத்தன்று. தாய் தன் பாலின் வழியே குட்டிக்கு நோய் எதிர்ப்பைத் தருகிறாள் என்பதை 1892-இல் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் எலிகளைக் கொண்டு காட்டினார். எதிர்ப்பாற்றல் பெற்ற தாயின் குட்டிகளை வேறு தாயிடமும், வேறு தாயின் குட்டிகளை இவளிடமும் மாற்றி விட்டுப் பார்த்தார். பாலின் பங்கு தெளிவாயிற்று. 1922-இல் அமெரிக்காவில் தியோபால்டு ஸ்மித், ரால்ப் லிட்டில் என்னும் இருவர் கன்றுகளிலேயே ஆராய்ந்தனர். சீம்பால் பெற்ற கன்றுகள் பிழைத்தன. மறுக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை மாண்டன. இந்த உண்மை உலகுக்குத் தெரிந்து நூறாண்டு கடந்துவிட்டது. நம் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இந்த இடத்தில்தான் தடுப்பூசி வருகிறது. சீம்பால் ஒரு பெட்டி என்றால், பெட்டிக்குள் என்ன இருக்கும்? தாய் எந்தெந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறாளோ, அந்தந்தக் கிருமிக்குரிய எதிர்ப்புப் பொருள் இருக்கும். சந்திக்காத கிருமிக்கு இராது. பிறந்த மூன்று நான்கு நாளுக்குள் கன்றைக் கொல்லும் கழிச்சலுக்கு ஒருவகை ஈ. கோலை நுண்ணுயிர் காரணம். முதல் இரண்டு மூன்று வாரங்களில் வரும் கழிச்சலுக்கு ரோட்டா, கொரோனா வைரசுகள் காரணம். இங்கே கொரோனா என்பது மாடுகளுக்கு உரிய வேறு இனம், அஞ்ச வேண்டாம். இத்தனை இளங்கன்றுக்கு நேரே ஊசி போட்டுப் பயனில்லை. அதன் உடல் எதிர்ப்பை உண்டாக்கும் முன் நோய் முந்திக்கொள்ளும். ஆகையால் தாய்க்குப் போடுகிறார்கள். ஈனுவதற்கு 12 வாரம் முதல் 3 வாரம் வரை முன்னதாக, இம்மூன்று கிருமிகளுக்கும் சேர்த்து ஒரே ஊசி போடும் முறை மேலைநாட்டுப் பால் பண்ணைகளில் வழக்கத்தில் இருக்கிறது. தாயின் உடல் எதிர்ப்புப் பொருளை உண்டாக்கி மடியில் சேர்க்கிறது. கன்று அதை வாயால் வாங்கிக்கொள்கிறது. ஊசி ஒருத்திக்கு, காப்பு இன்னொருவருக்கு.

இதைக் கேட்டு வியப்பவர்கள் தங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். நம் அக்காமார் கருவுற்றிருக்கும்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் டெட்டனஸ் ஊசி போடுகிறார்களே, அது யாருக்காக? தாய்க்காகவும், பிறக்கப் போகும் குழந்தைக்காகவும். பச்சிளங் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்த அந்த நோய் இந்தியாவில் ஒழிக்கப்பட்ட நிலையை எட்டியது என்று 2015-இல் அறிவிக்கப்பட்டது. தாயின் வழியே சேயைக் காப்பது நமக்குப் புதிதன்று. மாட்டுக்குச் செய்யத்தான் நமக்குத் தோன்றவில்லை.

இனித் தபேலாவுக்கு வருவோம்.

நீண்ட கொட்டில். இருபுறமும் வரிசையாக எருமைகள். முர்ரா, ஜாபராபாதி என்று நண்பர் இனம் பிரித்துக் காட்டினார். அரியானாவிலிருந்தும் குசராத்திலிருந்தும் விலைக்கு வாங்கி, ஈனும் தறுவாயிலோ ஈன்ற கையோடோ லாரியில் ஏற்றி வருகிறார்கள். பால் வற்றும் வரை கறக்கிறார்கள். ஓரத்தில் ஒரு முளையில் மூன்று கன்றுகள் கட்டிக் கிடந்தன. ஒன்றின் பின்புறம் முழுவதும் வெண்கழிச்சல் காய்ந்து ஒட்டியிருந்தது. நண்பர் அதன் தோலைக் கிள்ளி விட்டார். மடிந்த தோல் மடிந்தபடியே நின்றது. உடம்பில் நீர் இல்லை என்பதற்கு அது அடையாளமாம்.

மாட்டுக்காரர் நல்ல மனிதர். எங்களுக்குப் பால் கொடுத்து உபசரித்தார். சீம்பாலைப் பற்றி நண்பர் கேட்டார். "முதல் நாள் பாலுக்குச் சாதாரணப் பாலைவிட அதிக விலை. கடைக்காரன் வந்து வாங்கிப் போகிறான். கன்றுக்கும் கொஞ்சம் விடுவோம். மடி இறங்க வேண்டுமே!" என்றார். கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். கன்று மடியில் வாய் வைப்பது கன்றுக்காக அன்று, பால் இறங்குவதற்காக. கன்று செத்துப்போனால்? அதற்கும் வழி கண்டிருக்கிறான் மனிதன். செத்த கன்றின் தோலில் வைக்கோலை அடைத்து, நான்கு குச்சிக் கால்களோடு தாயின் முன் நிறுத்துவது நம் தமிழ்நாட்டு நகரங்களிலும் கண்ட காட்சி. இப்போது அந்தச் சிரமமும் இல்லாமல், பால் இறங்க ஊசி வந்துவிட்டது. பால் இறங்க ஊசி போடத் தயங்காத கை, கன்று பிழைக்க ஊசி போட மட்டும் தயங்குகிறது.

இந்த நகரம் தன் பாலைப் பற்றிச் சிந்திக்காத நகரமன்று. நெருக்கடி மிகுந்த கொட்டில்களிலிருந்து எருமைகளை வெளியேற்றி, புல்லும் நீரும் உள்ள இடத்தில் வைக்க வேண்டும் என்று 1949-இல் கோரேகாவ் அருகே ஆரே பால் குடியிருப்பை அமைத்தார்கள். அதற்கு உழைத்தவர் தாரா குரோடி. 1963-இல் வர்கீஸ் குரியன், திரிபுவன்தாஸ் பட்டேல் ஆகியோருடன் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அந்த இருவரும் யார்? கெடா மாவட்டத்து உழவர்கள் 1946-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தை வளர்த்தவர்கள். ஆனந்திலிருந்து இந்த நகருக்குப் பால் அனுப்பியவர்கள். பாலின் சுத்தம், பாலின் விலை, பாலின் அளவு ஆகிய மூன்றைப் பற்றியும் இங்கே பெரியவர்கள் எண்ணினார்கள், நல்லது செய்தார்கள். பாலுக்கு உரியவனான கன்றைப் பற்றிய எண்ணம் மட்டும் எப்போதும் கடைசி வரியில் நின்றுவிட்டது.

இங்கே மும்பைக்கே உரிய இடர் ஒன்று உண்டு. தாய் எந்த இடத்துக் கிருமிகளைச் சந்தித்தாளோ அவற்றுக்குத்தான் சீம்பாலில் காப்பு இருக்கும் என்றேன். அரியானாவின் ஒரு சிற்றூரில் வளர்ந்த எருமை, ஈனுவதற்குப் பத்து நாள் முன்பு லாரியில் வந்து இறங்குகிறது. அவள் மடியில் தேங்கியிருப்பது அந்த ஊர்க் கிருமிகளுக்கான காப்பு. கன்று விழுவதோ நூற்றுக்கணக்கான எருமைகள் ஒன்றாய்க் கட்டிய மும்பைக் கொட்டிலில். அங்குள்ள கிருமிகளைத் தாய் உடல் அறிந்து, எதிர்ப்பை உண்டாக்கி, மடிக்கு அனுப்பக் காலம் எங்கே? ஆகவேதான் புதிய இடத்துக்கு வரும் சினை மாட்டுக்குத் தடுப்பூசி இரட்டிப்பு அவசியம். அது புறப்படும் ஊரிலேயே, புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே போடப்பட வேண்டும். வாங்குகிறவர்கள் பல்லைப் பார்க்கிறார்கள், மடியைப் பார்க்கிறார்கள், கறவையைக் கேட்கிறார்கள். "என்ன ஊசி போட்டாய், எந்தத் தேதியில் போட்டாய்?" என்றும் கேட்டால் விற்பவர் தாமே வழிக்கு வருவார்.

இதற்கு வரும் மறுப்புகளை நான் அறிவேன். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சினை மாட்டுக்கு ஊசி போட்டால் கரு கலையும் என்பது முதல் மறுப்பு. இந்த அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன்; அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. தடுப்பூசிகளில் உயிருள்ள கிருமியைக் கொண்டவையும் உண்டு, செயலிழந்த கிருமியைக் கொண்டவையும் உண்டு. கருச்சிதைவு நோயான புருசெல்லோசிசுக்கு வழக்கமாகப் போடும் ஊசி உயிருள்ளது. அதைச் சினை மாட்டுக்குப் போடவே கூடாது. 4 முதல் 8 மாத வயதுள்ள கிடாரிக் கன்றுகளுக்கே போட வேண்டும். கன்றுக் கழிச்சலுக்காகத் தாய்க்குப் போடும் ஊசி செயலிழந்த கிருமியால் ஆனது; சினை மாட்டுக்கென்றே செய்யப்பட்டது. இரண்டையும் ஒன்றாய்க் கருதுவது தவறு. எந்த ஊசி, எந்த மாதம் என்று கூறக் கால்நடை மருத்துவர் இருக்கிறார். அவரைக் கேட்காமல் போடுவதும் பிழை. அவர் கூறியும் போடாமல் இருப்பதும் பிழை.

அரசாங்கம்தான் ஊசி போடுகிறதே என்பது இரண்டாவது. உண்மைதான். 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டம் கோமாரி நோய்க்கும் கருச்சிதைவு நோய்க்கும் எதிராக நாடு முழுவதும் ஊசி போட வகை செய்தது. இது கன்றுக்கும் நன்மையே. கோமாரி கண்டால் பெரிய மாடு வாயும் குளம்பும் புண்ணாகித் தேறிவிடும். இளங்கன்றுக்கோ இதயத் தசையே பழுதாகித் திடீரென்று உயிர் போகும். தாய்க்கு ஊசி போட்டிருந்தால் சீம்பால் வழியே கன்றுக்கும் சில மாதம் காப்பு உண்டு. கன்றுக்குத் தனியே முதல் ஊசி நான்காம் மாதத்தில்தான் போடுகிறார்கள். அதுவரை தாயின் காப்புதான் துணை. ஆனால் அந்தக் கோமாரிக் காப்பும் சீம்பால் குடித்த கன்றுக்கே சேரும். அரசாங்கம் போட்ட ஊசியைக் கர்வஸ் கடையில் விற்றுவிட்டால் அரசாங்கம் என்ன செய்யும்? கழிச்சலுக்கான ஊசியோ அந்தத் திட்டத்தில் இல்லை. அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

மூன்றாவது மறுப்பு சற்றுக் கடினமானது. "ஆண் எருமைக் கன்றைக் காப்பாற்றி என்ன செய்வது? அது பால் குடிக்கும் வாய்" என்கிறார் மாட்டுக்காரர். அவர் கணக்கு அவருக்குச் சரி. அவர் ஏழை, தீவனம் விலை ஏறிவிட்டது, இந்த நகரில் நிலம் பொன் விலை. அறிவுரை கூறுவது நமக்கு எளிது. ஆயினும் கேட்கிறேன்: பெண் கன்றும் அதே முளையில்தானே சாகிறது? அது பிழைத்தால் மூன்று நான்கு ஆண்டில் கறவை எருமை ஆகும். இன்று அதைச் சாகவிட்டு, நாளை அரியானாவுக்குப் பணம் அனுப்பி வேறொன்றை வாங்கி வருகிறோம். வளர்க்க இடமில்லை என்றால் வெளியூரில் கன்று வளர்க்கும் கூட்டுறவு அமைக்கலாம். பாலுக்குக் கூட்டுறவு கண்ட மக்களுக்குக் கன்றுக்குக் கூட்டுறவு காண முடியாதா? ஆண் கன்றைப் பற்றி ஒரே ஒரு சொல். அதை இறைச்சிக்கு விற்பதோ விடுவதோ வேறு வழக்கு. அது வாழும் நாள் பத்தானாலும் கழிச்சலில் துடித்துச் சாக வேண்டும் என்ற நியாயம் எந்தச் சமயத்திலும் இல்லை. கழிச்சல் கண்ட கன்று ஆண் என்பதால் அதன் கிருமி பக்கத்துப் பெண் கன்றைத் தொடாமலும் இராது.

நான்காவது, ஊசி போட்டுவிட்டால் போதும் என்ற சோம்பல். போதாது. ஈரமில்லாத படுக்கை வேண்டும். சுத்தமான பாத்திரம் வேண்டும். அறுத்த தொப்புள்கொடிக்கு டிங்க்சர் அயோடின் தடவ வேண்டும். எருமைக் கன்றுக்குத் தாய்ப்பால் வழியாகவே வரும் உருண்டைப்புழு உண்டு. அதற்குப் பிறந்த பத்துப் பதினைந்து நாளில் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். ரோட்டா போன்ற கிருமிகளுக்கு எதிரான காப்பு குடலுக்குள்ளேயே நின்று வேலை செய்வதால், முதல் இரண்டு வாரமும் தாய்ப்பாலை ஓரளவேனும் விட வேண்டும். ஊசி ஒரு கதவு. வீடு முழுவதும் கதவாகிவிடாது.

"தமிழ் மாணவர் இதழில் எருமைப் பேச்சு எதற்கு?" என்று கேட்கும் நண்பரும் இருப்பார். அவரை மூன்று இடங்களுக்கு அழைக்கிறேன். மாட்டுங்காவில் நாம் பீற்றிக்கொள்ளும் காப்பி, பாலால் ஆனது. தாராவியில் நம் நெல்லை மாவட்டத்து முன்னோர் தோல் பதனிட்டுப் பிழைத்தனர். அங்கே தோல் பைக் கடைகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. செம்பூரை அடுத்த தேவனாரில் இந்த நகரின் இறைச்சிக் கூடம் இருக்கிறது. பால், தோல், இறைச்சி என்று எருமையின் மூன்று முடிவிலும் தமிழர் குடியிருப்பு ஒன்று அருகிருக்கிறது. அதன் தொடக்கத்தில், அந்த முதல் ஆறு மணி நேரத்தில் மட்டும் நாம் இல்லை.

கன்றுக்கு நாம் பட்ட கடன் வேறொன்றும் உண்டு. 1969-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் கன்றுக் கழிச்சலை ஆராய்ந்தவர்கள்தான் பின்னர் ரோட்டா என்று பெயர் பெற்ற வைரசைக் கன்றுகளில் கண்டனர். 1973-இல் ஆஸ்திரேலியாவில் ரூத் பிஷப்பும் அவருடைய குழுவினரும் குழந்தைகளின் குடலில் அதன் உறவினனைக் கண்டனர். 2016 முதல் நம் நாட்டுக் குழந்தைகளுக்கு இலவசமாகத் தரப்படும் ரோட்டா சொட்டு மருந்துக்கு மூலமான இந்திய வைரஸ், மாட்டு வைரசின் ஒரு கூற்றைத் தன்னுள் கொண்டது. தில்லியில் பச்சிளங் குழந்தைகளிடம் கண்டெடுக்கப்பட்டது. கன்றின் நோயை ஆராய்ந்த வழியே நம் குழந்தையின் மருந்துக்கும் வழி திறந்தது. அந்தக் கன்றுக்குத் திருப்பித் தர நம்மிடம் ஓர் ஊசிகூட இல்லையா? 1897-இல் கொள்ளைநோய்க்குத் தடுப்பூசி கண்டு, தன் உடம்பிலேயே முதலில் போட்டுக்கொண்ட ஹாப்கின் வேலை செய்தது இந்த ஊரில். அவர் பெயர் தாங்கிய நிலையம் பரேலில் இருக்கிறது. தடுப்பூசியைப் பற்றிப் பேச இதைவிடத் தக்க நகரம் எது?

நாம் செய்யக்கூடியவை பெரியவை அல்ல. ஊருக்குப் போகும்போது வீட்டில் சினை மாடு இருந்தால், கால்நடை மருத்துவரைக் கேட்டு ஊசிக்கு நாள் குறியுங்கள். பசுவுக்குச் சினைக்காலம் சுமார் 280 நாள், எருமைக்குச் சுமார் 310 நாள். காளை சேர்த்த தேதியோ ஊசி போட்டுச் சினைப்படுத்திய தேதியோ சுவரில் எழுதி வைத்திருந்தால் கணக்கு எளிது. கன்று விழுந்ததும் இளங்கொடிக்குக் காத்திராமல் மடியைக் கழுவி ஊட்ட விடுங்கள். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 30 கிலோக் கன்றுக்கு 3 லிட்டர் சீம்பால், முதல் நாளிலேயே உள்ளே போக வேண்டும். அதில் பெரும்பகுதி முதல் ஆறு மணிக்குள். கன்று குடிப்பதால் மடி சுரந்து, கொடியும் எளிதில் விழ உதவும் என்று ஆச்சிமாருக்குச் சொல்லுங்கள். மிச்சத்தைக் கருப்பட்டி போட்டுக் காய்ச்சுங்கள். கிண்ணத்தில் எனக்கும் கொஞ்சம் அனுப்புங்கள். நான் சீம்பாலுக்குப் பகைவன் அல்லேன். முதல் பந்தியில் யார் உட்காருவது என்பதுதான் வழக்கு.

இந்த நகரில் கர்வஸ் வாங்குமுன் கடைக்காரரை ஒரு கேள்வி கேளுங்கள்: "கன்று குடித்ததா?" அவர் சிரிப்பார். பத்துப் பேர் கேட்டால் சிரிப்பு நிற்கும். நூறு பேர் கேட்டால் அவர் தபேலாக்காரரைக் கேட்பார். தயிரும் கெட்டிப் பாலும் சேர்த்து அவித்துச் சீம்பாலே இல்லாமல் கர்வஸ் செய்கிறவர்களும் உண்டு. சுவையில் குறை சொல்ல முடியாது. கால்நடை மருத்துவம் பயிலும் தமிழ் மாணவர்கள் நம்முள் இருந்தால், விடுமுறையில் ஒரு நாள் நம்மைத் தபேலாவுக்கு அழைத்துப் போகட்டும். நாம் நம் இந்தியையும் மராத்தியையும் கொண்டுபோய், ஊசியைப் பற்றியும் ஆறு மணி நேரத்தைப் பற்றியும் மாட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசுவோம். குற்றம் சாட்டப் போக வேண்டாம். என் ஆச்சியைப் போலவே அவருக்கும் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

நாங்கள் பார்த்த அந்த வெண்கழிச்சல் கன்றுக்கு நண்பர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் புகட்டினார். மறுவாரம் போனபோது முளையில் இரண்டு கன்றுகளே இருந்தன. எந்தக் கன்று போயிற்று என்று நான் கேட்கவில்லை. அதன் தாய் வரிசையில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. கழுத்தில் கட்டிய சிறு மணி, தலையை அசைக்கும்போதெல்லாம் ஒலித்தது. மாட்டுக்காரரும் நண்பரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் அந்த மணியைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.